மூன்றாவது கட்டில்

ஆரணி,
அக்டோபர் 12, ஞாயிறு.

அன்பு லதாவுக்கு,

ஆரணியிலிருந்து ராஜவேலு எழுதுவது. இங்கே நானும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அந்தக் குளிர் ஊரில் உனக்கும் எந்தக் குறையும் வரக்கூடாது என்று தினமும் விளக்கேற்றும்போது இளமதி வேண்டிக்கொள்கிறாள். நானும்தான்.

தினமும்தான் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்குக் காகிதமும் பேனாவும் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசும்போது பிள்ளைகள் இரண்டு பேரும் என் தோள்மேல் சாய்ந்துகொண்டிருக்கிறார்கள். நீயும் அந்த முதியோர் இல்லத்தில் வேலை முடித்துவிட்டு, போட்டிருக்கும் கோட்டைக்கூடக் கழற்றாமல் பேசுகிறாய். இது அந்த நேரத்தில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. எழுதினால், லீவு நாளில் தனியாக உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் படிப்பாய். அதற்காகத்தான். பயப்படாதே. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

மில்லில் ஆயுத பூஜை நல்லபடியாக நடந்தது. கறுத்துப்போன அரிசியைப் பிரிக்கும் புது மிஷின் வந்திருக்கிறது. முதலாளி அதை என் பொறுப்பில் விட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுத் தனக்கோடி அக்காவுக்கு முட்டிவலி குறையவில்லை, ஆனாலும் தினமும் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் போகிறது. வேடி ஸ்கூல் ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்தான். முதலாவதாக வந்தவனுக்கு வயது ஜாஸ்தி என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். மழை பிடித்துக்கொண்டது. நகராட்சி ஆட்கள் வீடு வீடாக வந்து தண்ணீர்த் தொட்டியில் கொசுப் புழு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் வந்தால் இளமதி உள்ளே போய்விடுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ கிளம்பும்போது, அந்த ரூமை அப்படியே விடுங்க, யாரும் எதையும் தொடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனாய். அப்படியேதான் பூட்டி வைத்திருந்தேன். பிள்ளைகள் ஹாலில் பாய் போட்டுப் படுத்தார்கள். இளமதி சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அரிசி டிரம்மின் மேல் புத்தகத்தை வைத்துப் படித்தாள். ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்கள் எவ்வளவு கனம் என்று உனக்குத் தெரியாது. வேடி பாத்ரூமுக்குப் போக அந்தக் கதவைத் தாண்ட வேண்டும். நடந்து போகமாட்டான், ஓடுவான். ஓட்டப்பந்தயத்தில் அவன் இரண்டாவதாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று ஒருநாள் நினைத்தேன்.

உன் அறையைப் போனில் சுற்றிக் காட்டினாய் இல்லையா, வெள்ளை மேஜை, நாற்காலி, காகிதத்தில் செய்த உருண்டை விளக்கு எல்லாம்? இதெல்லாம் பக்கத்து நாடு சுவீடன்காரன் கடையில் வாங்கினது, இங்கே எல்லார் வீட்டிலும் இதுதான், அந்தக் கடை பெங்களூரிலும் இருக்கிறதாம் என்று சொன்னாய். அன்றிலிருந்து இளமதி என் போனில் அந்தக் கடைச் சாமான்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வீட்டு டேபிள் என்பான் வேடி. ஆரணியில் இருக்கிற நம் வீடு அவனுக்கு நம் வீடு, அங்கே நீ இருக்கிற ஒற்றை அறை அம்மா வீடு. பசங்களுக்கு ஒரு கட்டிலும் மேஜையும் வாங்கி ஹாலில் போட்டுக்கொடுங்கள் என்று நீயும் சொன்னாய். காலாண்டு லீவில் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சாமான்களை எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் யோசனையாக இருந்தது. எதிர்வீட்டுக் குப்புராஜ் பட்டுப்புடவைகளை வேனில் பெங்களூருக்குக் கொண்டுபோய்க் கடைகளில் இறக்கிவிட்டு, திரும்பும்போது பட்டு நூல் ஏற்றிக்கொண்டு வருவாரே, அவரைக் கேட்டேன். நூல் மூட்டைக்கு நடுவுல உங்க கட்டிலும் வந்துட்டு போகுது, நீங்க பசங்கள கூட்டிகினு ரயில்ல போங்க என்றார். நாங்கள் பஸ்ஸில் வேலூர் போய், காட்பாடியில் ரயில் ஏறினோம். இளமதி நீ அனுப்பிய நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள். பெங்களூரில் அவ்வளவு குளிர் இல்லை என்று சொன்னேன், கேட்கவில்லை. மெஜஸ்டிக்கில் இறங்கி மெட்ரோ பிடித்தோம். வேடி கம்பியைப் பிடிக்காமல் நின்று காட்டுகிறேன் என்று ஒரு அம்மாவின் மடியில் போய் விழுந்தான். எல்லோரும் சிரித்தார்கள். இளமதியும் சிரித்தாள். எழுதும்போதுதான் தோன்றுகிறது, அவள் வாய்விட்டுச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

அந்தக் கடை நம் ஊர்க் கோட்டை மைதானத்துக்குக் கூரை போட்டதுபோல இருந்தது. உள்ளே சாமான்களை வரிசையாக அடுக்கி வைக்கவில்லை. வீடு வீடாக, அறை அறையாகக் கட்டி, ஆள் குடியிருப்பதுபோல வைத்திருக்கிறார்கள். மெத்தைமேல் போர்வை, மேஜைமேல் மூக்குக்கண்ணாடி, ஆணியில் சின்னப் பிள்ளைச் சட்டை. வேடி ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று, "வீட்ல யாருனா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனான். குழாயைத் திருகிப் பார்த்தான், தண்ணீர் வரவில்லை. "இவங்கள்லாம் எங்கப்பா போய்கீறாங்க?" என்றான். இது கடைடா என்றேன். நம்பினானோ என்னவோ.

ஒரு அறையில் அலமாரி நிறையப் புத்தகம். சுவீடன்காரர்கள் பாஷை. இளமதி ஒன்றை எடுத்துப் பார்த்து, நீ அனுப்பும் போட்டோக்களில் பஸ் பலகையில் இங்கிலீஷ் 'ஓ' எழுத்துக்குக் குறுக்கே கோடு போட்டிருக்கும், இதில் தலைமேல் இரண்டு புள்ளி வைத்திருக்கிறது, அம்மா இருக்கிற நாடும் இந்தக் கடைக்காரன் நாடும் பக்கத்துப் பக்கத்து நாடு என்பதால்தான் இப்படிக் கொஞ்சம் மாறியிருக்கிறது என்று எனக்கு விளக்கினாள். அவ்வளவு கவனமாக உன் போட்டோக்களைப் பார்த்திருக்கிறாள்.

அடுத்த அறையில் அந்த உருண்டை விளக்கு தொங்கியது. வேடிதான் முதலில் பார்த்தான். அம்மா லைட்டு என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் அதற்குக் கீழே நின்று, போனில் நீ நிற்பதுபோலவே முகத்தைத் தூக்கிக் காட்டினான். "நான் அம்மா மாதிரி தெரியறனா?" என்று கேட்டான். தெரிகிறாய் என்றேன். பொய் இல்லை, அவனுக்கு உன் நெற்றி.

குழந்தைகள் பகுதிக்கு வந்தோம். நாங்கள் தமிழில் பேசியதைக் கேட்டுக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண் தானாகவே வந்தாள். தங்கவயல் பெண். நம் ஊரை விசாரித்துவிட்டு, "எத்தனை பசங்கண்ணா?" என்று கேட்டாள்.

லதா, இந்த இரண்டு வருஷத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கமாட்டார்கள். வாயைத் திறந்தேன். இரண்டு என்று சொல்ல மனசு வரவில்லை. அதற்குள் வேடி, "மூணு" என்றான். டீச்சருக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னான்.

அந்தப் பெண் சந்தோஷமாக ஒரு அடுக்குக் கட்டிலிடம் கூட்டிப்போனாள். மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழ்க்கட்டிலுக்கு அடியில் கைவிட்டு இழுத்தாள். மேஜை டிராயர் போல மூன்றாவதாக ஒரு கட்டில் வெளியே வந்தது. மூணு பேரும் தாராளமா படுத்துக்கலாம்ணா, சின்னவங்களுக்கு என்ன வயசு என்றாள்.

"நாலு" என்றாள் இளமதி. சொல்லிவிட்டு வேடியின் கையை விட்டாள். நடந்து போனாள். ஏதோ பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அவ இல்லம்மா, ரெண்டு வருஷமாச்சு என்று சொன்னேன். அவள் குனிந்து, இரண்டு கையாலும் அந்தக் கட்டிலைச் சத்தம் வராமல் உள்ளே தள்ளினாள். அதில் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தால் எப்படித் தள்ளுவாளோ அப்படி.

திரும்பிப் பார்த்தால் இளமதி இல்லை. அவ்வளவு பெரிய இடம், அவ்வளவு ஜனம். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தரையில் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். அம்புக்குறி காட்டிய பக்கமெல்லாம் ஓடிப் பார்த்தேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மைக்கில் சொல்லச் சொல்லட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். வேடி என் கையைப் பிடித்தான். "அக்கா அம்மா லைட்டாண்ட இருப்பாப்பா" என்றான். என்னை இழுத்துக்கொண்டு, எதிரே வந்த கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பினான்.

அங்கேதான் இருந்தாள். விளக்குக்குக் கீழே இருந்த கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து, ஸ்வெட்டர் கையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சின்னவள் நிலாவை எடுத்துப்போன அன்று அழாத பெண். பெரிய மனுஷி மாதிரி நடந்துக்கிறா என்று ஊரே சொன்னது, நானும் அதை நம்பினேன்.

நானும் தரையில் உட்கார்ந்தேன். வேடி கட்டில்மேல் உட்கார்ந்தான். யாரோ குடும்பமாக வந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் போனார்கள். அழுகைக்கு நடுவே அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நான்தாம்பா அவளுக்கு சேமியா ஐஸ் வாங்கிக் குட்த்தேன். அழுதுகினே இருந்தா. அம்மா திட்டுவாங்கன்னு சொன்னேன், கேக்கல. மறுநாளே ஜுரம் வந்துட்ச்சி. ஆஸ்பத்திரில அம்மா கேட்டாங்கல்ல, வெளில ஏதாவது வாங்கித் தின்னாளான்னு. நான் அங்கதான் நின்னுகினு இருந்தேன். சொல்லல."

உனக்கு நினைவிருக்கும். வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் உன்னிடம் கேட்டதை நீ எங்களைப் பார்த்துத் திரும்பக் கேட்டாய். யாரும் பதில் சொல்லவில்லை. நீயும் அதற்கப்புறம் அதைக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் யாருக்கு என்ன நினைப்பு. ஆனால் அந்தக் கேள்வியை ஒரு பிள்ளை அன்றைக்குக் கையில் வாங்கிக்கொண்டது. இன்னும் கீழே வைக்கவில்லை.

நான் எல்லாம் சொன்னேன். அது டெங்கு, கொசுவால் வந்தது, ஐஸால் வராது, டாக்டரே சொன்னார் என்று சொன்னேன். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. "சயின்ஸ் புக்ல போட்டுகீறாங்கப்பா, படிச்சேன். படிச்சாலும் எனக்கு அப்பிடித்தான் தோணுது" என்றாள். அதன்பிறகு கேட்டாள், "என் மூஞ்ச பாக்க முடியாமதான அம்மா அவ்ளோ தூரம் போய்ட்டாங்க?"

அப்போது எனக்கும் அழுகை வந்துவிட்டது. யாருடைய வீடும் இல்லாத அந்த அறையில் அப்பனும் மகளும் உட்கார்ந்து அழுதோம். வேடி பயந்துபோய், "நான் மூணுன்னு சொன்னது தப்பாப்பா?" என்று கேட்டான். தப்பே இல்லைடா, சரியாகத்தான் சொன்னாய் என்று அவனையும் இழுத்து அணைத்துக்கொண்டேன்.

திரும்பக் கட்டில் இருந்த இடத்துக்குப் போனபோது அந்தத் தங்கவயல் பெண் மூன்று பேருக்கும் தண்ணீர் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இளமதி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு இருக்கறது போதும்க்கா" என்று அவளிடம் தானே சொன்னாள். அடுக்குக் கட்டில், உன்னுடையது போல ஒரு மேஜை, நாற்காலி வாங்கினோம். குப்புராஜ் வந்து ஏற்றிக்கொண்டார்.

திரும்பி வரும் ரயிலில் வேடி என் மடியில் தூங்கிவிட்டான். ஜோலார்பேட்டை தாண்டி, வெயில் சாய்ந்துகொண்டிருந்த நேரம். இளமதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, அந்த ரூமைத் திறந்து கட்டிலை அங்கே போட்டுக்கொள்ளலாம் என்றாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றேன். "வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா அப்புறம் எப்பவுமே தொறக்க முடியாதுப்பா" என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருந்ததாக எனக்குப் பட்டது.

அதனால் திறந்துவிட்டேன், லதா. கோபம் வந்தால் என்மேல் வைத்துக்கொள். மறுநாள் காலையில், நல்ல வெயிலில், ஜன்னல் இரண்டையும் விரியத் திறந்தோம். தனக்கோடி அக்கா ஈரத்துணியால் துடைத்துக்கொடுத்தது. நிலாவின் உடுப்புகள், பொம்மை, அவளுடைய தட்டு, எல்லாவற்றையும் மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஒரு துணியைக்கூட யாருக்கும் கொடுக்கவில்லை. அதை என்ன செய்வது என்பதை நீதான் சொல்ல வேண்டும். சுவரில் சாக்பீஸால் அவள் ஒரு கோழி போட்டிருந்தாளே, அந்தச் சுவர் அப்படியே இருக்கிறது. அது மறையக்கூடாது என்று கட்டிலை எதிர்ச்சுவர் ஓரமாகப் போட்டோம்.

கட்டிலைத் துண்டு துண்டாகத்தான் கொடுக்கிறார்கள், நாமேதான் பூட்ட வேண்டும். கூட வந்த புத்தகத்தில் ஒரு எழுத்துகூட இல்லை, வெறும் படம். வேடி படத்தைப் பார்த்துச் சொல்ல, இளமதி திருகினாள். நான் பூட்டியது தலைகீழ் என்று இரண்டு முறை கழற்ற வைத்தான். மேல்கட்டில் வேடிக்கு. முதல் நாள் படுத்ததும் நன்றாகத் தூங்கி, காலையில் எழுப்பினால் எழவில்லை. ஜல்தி ஜல்தி என்று கத்தி ஸ்கூலுக்குத் துரத்தினேன். இப்போது அந்தக் கதவருகே யாரும் ஓடுவதில்லை.

ஆனால் இளமதி இன்னும் முழுசாக வெளியே வரவில்லை. ரயிலில் அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தைக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். உன்னைப் பார்க்கப் பிடிக்காமல் அம்மா போகவில்லை, ஐஸால் எதுவும் வரவில்லை என்று நான் மறுபடி மறுபடி சொன்னதற்குத் தலையை ஆட்டிவிட்டு, "நீங்க சொல்றீங்கப்பா. அம்மா சொல்லலியே" என்றாள்.

நீ ஏன் போனாய் என்று எனக்குத் தெரியும். அந்தச் சாவுக்கப்புறம் மறுபடியும் மருந்து வாடைக்குள் போய், காய்ச்சலோடு வரும் பிள்ளைகளுக்கு ஊசி போட உன் கை எழவில்லை. வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்றதும், அது எவ்வளவு தூரமானாலும் சரி என்று கிளம்பினாய். நான் தடுக்கவில்லை. இப்போதும் குறை சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். தனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா கண் முன்னால் பெட்டியைக் கட்டினாள் என்பதுதான் அவளுக்குத் தெரியும்.

இதைப் படித்ததும் உடனே போன் போடாதே. நன்றாக அழுது முடி. மனசைத் தேற்றிக்கொண்டு, அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசு. நான் வேடியை வெளியே கூட்டிப் போய்விடுகிறேன். நீ நர்ஸ், நான் மில்காரன். நோயைப் பற்றி நீ சொன்னால் அவள் நம்புவாள். அதற்கும் மேலே நீ அவளைப் பெற்றவள்.

ஜனவரியில் வேலைக்கு மறுபடி கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னாய். போடு என்றும் சொல்லமாட்டேன், போடாதே என்றும் சொல்லமாட்டேன். அங்கே உனக்கு மனசு கொஞ்சம் ஆறியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரிகிறது. ஒன்றுதான். போனில் எல்லாம் சொல்லிவிடலாம், லதா. ஆனால் உன்மேல் தப்பு இல்லை என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லும்போது, சொல்கிறவள் கை அந்தப் பிள்ளையின் தலைமேல் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேளைக்குச் சாப்பிடு. இருட்டிய பிறகு சைக்கிளில் போகாதே. நம் குலதெய்வம் உன்னை எங்கே வைத்தாலும் நல்லபடியாக வைக்கட்டும்.

உன்,
ராஜவேலு.